புளி போட்டுத் தேய்ச்ச கம்பி

என் வலது கை கட்டைவிரல் நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணினதில்ல. காலையில ஆபீஸ் வருகைப்பதிவு மெஷினை ஒரு அழுத்து அழுத்தும், சாயந்திரம் டிவி ரிமோட்டை அழுத்தும், அவ்வளவுதான் அதோட உலகம். நாலு வருஷத்துக்கு முன்னாடி கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாத்தல் வந்துச்சு. சாமான் எல்லாம் லாரியில ஏறினப்பறம் அவரோட பேஸ் கிடாருக்கு இடமில்ல. "நீங்க வெச்சுக்கோங்க ஸார், சும்மாதானே இருக்கீங்க"ன்னாரு. சும்மா இருந்தவனைக் கெடுத்தது அவருதான். பாத்தீங்களா, இப்படித்தான் எனக்கு வாயைத் தொறந்தா பழி அடுத்தவன் தலைக்குப் போயிடும். நான் சொல்லப்போறதும் அதைப் பத்தித்தான்.

பேஸ் கிடார்னா நாலே கம்பி. மத்த கிடாரை விட நீளம், கம்பி தடிமன், சத்தம் அடிவயித்துலேருந்து வரும். கச்சேரியில அதை யாரும் தனியாக் கேக்க மாட்டாங்க, ஆனா நின்னு போச்சுன்னா ஏதோ குறையுதேன்னு திரும்பிப் பாப்பாங்க. இதுல முதல்ல குடும்பத் தலைவன் மாதிரின்னு எழுதியிருந்தேன். என் பொண்டாட்டி படிச்சுட்டு, "நீங்க நின்னு போனா யாருங்க திரும்பிப் பாக்கறாங்க?"ன்னு கேட்டா. அதனால அந்த வரியை எடுத்துட்டேன்.

மெதுவா, அடக்கமா வாசிச்சிருந்தா ஒரு வம்பும் வந்திருக்காது. எனக்கு ஸ்லாப் வேணும். கட்டைவிரலோட எலும்பால கம்பியை ஓங்கி ஒரு தட்டு, ஆள்காட்டி விரலைக் கம்பிக்கு அடியில விட்டு ஒரு இழுப்பு. டப்புன்னு ஒண்ணு, டங்குன்னு ஒண்ணு. இருபது வயசுப் பசங்க கம்ப்யூட்டர்ல வாசிச்சுக் காட்டறதைப் பாத்துக் கத்துக்கிட்டேன். அவங்க வாசிச்சா மழை மாதிரி இருக்கும். நான் வாசிச்சா மாடி வீட்டுல உரல் இடிக்கற மாதிரி இருக்கும்னு கீழ்வீட்டுக்காரங்க சொன்னாங்க. மூணு மாசத்துல ரெண்டு கம்பி அறுந்துச்சு.

எங்க வீடு பெங்காலிக்காரங்க ஊர்ல, பெஹாலாவுல. மெட்ரோ தூணுக்கு எதிர்த்த சந்துல ஒரு வாத்தியக் கடை இருக்கு. கடைன்னா, ரெண்டு ஆள் நின்னா மூணாவது ஆள் ரோட்டுல நிக்கணும். மேல ஹார்மோனியம் பெட்டி, கீழ தபலா, நடுவுல கடைக்காரரு. என் வயசுதான் இருக்கும். நான் அவரை தாதான்னு கூப்பிடுவேன், அவரும் என்னை தாதான்னு கூப்பிடுவாரு. அண்ணன்னு அர்த்தம். ரெண்டு பேருமே அண்ணன், தம்பியே கிடையாது. அந்த ஊர் மரியாதை அப்படி.

அறுந்த கம்பியை எடுத்துட்டுப் போய், "உங்க கடையில நல்லா உழைக்கற கம்பி இருக்கா?"ன்னு கேட்டேன்.

"கம்பி அப்புறம். முதல்ல வாசிச்சுக் காட்டுங்க."

வாசிச்சேன். நாலு தட்டு தட்டறதுக்குள்ள உள்ளங்கையைக் கம்பி மேல வெச்சு நிறுத்திட்டாரு.

"தாதா, நீங்க வாசிக்கறீங்களா, கொசு அடிக்கறீங்களா?"

"ரெண்டும்தான். பெஹாலாவுல வேற எப்படி வாசிக்கறது?"

சிரிச்சாரு. அப்புறம் என் கையைப் புடிச்சு, கட்டைவிரலைக் கம்பி மேல விழவிட்டு, விழுந்த வேகத்துல தானே எழும்ப விட்டாரு. "அடிக்கறது இல்ல இது. சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பாக்கற மாதிரி. பட்டுச்சு, எடுத்துட்டீங்க. அழுத்தினா சத்தமும் செத்துடும், கம்பியும் செத்துடும். இழுக்கற விரலும் அப்படித்தான். நுனி மட்டும் கொக்கி போடுங்க. நீங்க கிணத்துல வாளி இறைக்கறீங்க."

பெங்காலிக்காரர் தோசைக்கல்லை உதாரணம் காட்டினது எனக்காகத்தான்.

அப்புறம் கிடாரைத் திருப்பி, கம்பி வந்து உக்கார்ற இரும்புப் பாலத்தை நகத்தால தடவினாரு. ஒரு இடத்துல நகம் மாட்டுச்சு. "இங்கதான் அறுக்குது. சின்ன முள். ஒவ்வொரு அடிக்கும் கம்பி இதுமேல தேயும்." பொடி உப்புத்தாளை மடிச்சு ரெண்டு நிமிஷம் தேய்ச்சாரு. விரலைக் குடுங்கன்னு வாங்கித் தடவ வெச்சாரு. வழவழன்னு இருந்துச்சு.

கடைசியாத்தான் கம்பி. ரெண்டு உறையை எடுத்து வெச்சாரு. ஒண்ணு நிக்கல் பூச்சு, தொட்டா மெத்துன்னு இருக்கும், விலை கம்மி. இன்னொண்ணு முழு ஸ்டெயின்லெஸ், கொஞ்சம் சொரசொரப்பு, சத்தம் கணீர்னு இருக்கும், வேர்வைக்குத் தாங்கும். "உங்க கை வேர்வை பேட்டரி தண்ணி மாதிரி இருக்கு. ஸ்டெயின்லெஸ் வாங்குங்க. ரொம்ப மெலிசு வேண்டாம், நடுத்தரம்." நான் நிக்கலை வாங்கினேன். காரணம் எதுவும் இல்ல. யாராவது ஒண்ணு சொன்னா இன்னொண்ணை எடுக்கறது எங்க வம்சத்துலயே உண்டு.

கம்பியை முறுக்கற குச்சியில சுத்திக்கிட்டே சொன்னாரு: "ஒரு தடவை சுத்தினதை அவுக்காதீங்க. மடிஞ்ச இடத்துல ஆயுசு போயிடும். வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைங்க. ஈரம் படவே கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்னு சொல்லி அவரு கூடாதுன்ன ரெண்டு விஷயத்தையும் நான் ஒரே மத்தியானத்துல பண்ணினேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி என் வேலையைச் சொல்லணும். இல்லேன்னா என் அசிங்கத்தோட முழு அளவு புரியாது.

நான் துறைமுகம் பக்கத்துல ஒரு கம்பெனியில சரக்குப் பரிசோதனை பாக்கறவன். கிரேன்ல மாட்டற இரும்புக் கம்பிக் கயிறு வரும். நல்லதா, சொத்தையான்னு பாத்துக் கையெழுத்துப் போடணும். எங்கயாவது கயிறு அறுந்தா, அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில பாத்து ஏன் அறுந்துச்சுன்னு எழுதணும். இழுத்து அறுந்தா ஒரு மாதிரி இருக்கும், தேஞ்சு அறுந்தா ஒரு மாதிரி, உள்ள ஈரம் போய்த் துருப்பிடிச்சு அறுந்தா ஒரு மாதிரி. இருபத்தி நாலு வருஷமா இதுதான் சோறு போடுது. எங்க பாடாவுல, அதாவது எங்க பேட்டையில, எல்லாருக்கும் இது தெரியும். யாராவது சைக்கிள் செயின் வாங்கினாக் கூட எங்கிட்ட ஒரு தடவை காட்டுவாங்க. நான் சரின்னா சரி, தூன்னா தூ.

நவராத்திரிக்கு வீட்டுல கொலு உண்டு. அதே ஒம்பது நாள்ல வெளிய துர்கா பூஜை. மகாளயத்துக்கு முந்தின நாள் என் பொண்டாட்டி குத்துவிளக்கு, பித்தளைத் தட்டு, சொம்பு எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ச்சு வெயில்ல வெச்சுட்டு, பக்கத்து வீட்டு பௌதிகிட்ட, அதாவது அண்ணிகிட்ட, கொலுப்படிக்கு விரிக்கத் துணி வாங்கப் போயிட்டா. விளக்கு தகதகன்னுது. பக்கத்துல என் கிடார். மூணு வாரத்துலயே என் கை வேர்வை பட்டுக் கம்பியெல்லாம் மங்கி, வாசிச்சா தொண்டை கட்டின மாதிரி சத்தம். பேசின்ல பாக்கிப் புளித்தண்ணி அப்படியே இருக்கு.

நாலு கம்பியையும் அவுத்தேன். புளித்தண்ணியைச் சுட வெச்சு அதுல ஊறப்போட்டேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, தேங்காநாரால ஒரு தேய் தேய்ச்சு, அலசி, கொடியில காயப்போட்டேன். உண்மையிலேயே பளபளன்னு இருந்துச்சு. இதை ஒத்துக்கணும்.

அவ திரும்பி வந்து பால்கனியில நின்னா.

"என்னங்க இது, சாரைப்பாம்பு சட்டை உரிச்ச மாதிரி தொங்குது?"

"கம்பி. புளியில தேய்ச்சேன்."

"அந்தக் கடைக்காரரைக் கேட்டீங்களா?"

"அவங்களுக்குப் புளியைப் பத்தி என்ன தெரியும்? சட்னியில சக்கரை போடறவங்க."

"விளக்கு பித்தளைங்க. இது இரும்பு இல்ல?"

இருபத்தி நாலு வருஷம் இரும்புல உத்தியோகம் பாக்கறவன் கிட்ட கேக்கறா. நான் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, காஞ்சதும் நாலையும் திருப்பி மாட்டினேன். இப்ப நெனச்சா அந்தச் சிரிப்புதான் முதல்ல ஞாபகம் வருது.

பூஜைக்கு எங்க கிளப் பந்தல்ல சப்தமி சாயந்திரம் பாட்டுக் கச்சேரி. கிளப் செக்ரட்டரிதான் டிரம்ஸ். எங்க பிளாக்ல கீழ்த்தளத்துல இருக்கறவரு. ரெண்டு வாரம் ஒத்திகையில அவரு ஒரு விஷயம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. காளி பூஜை முடிஞ்சதும் கிளப்ல பிள்ளைங்களுக்கு ம்யூசிக் கிளாஸ் ஆரம்பிக்கப் போறாங்க, கிடாரு, கீபோர்டு எல்லாம் வாங்கணும், சந்துக் கடை தாதாகிட்டயே வாங்கலாம்னு கமிட்டி சொல்லுது. அந்தக் கடைக்காரரும் எங்கிட்ட சொன்னாரு. "இப்ப எல்லாரும் போன்லயே வாங்கிடறாங்க தாதா. எங்கிட்ட வர்ற நாலு பேரு என் பேச்சை நம்பித்தான் வர்றாங்க. இந்த கிளாஸ் வந்தா நாலு நாப்பதாகும்." அவரைக் கச்சேரிக்கு வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். மூணாவது வரிசையில நாற்காலியும் நான்தான் துடைச்சுப் போட்டேன்.

எனக்குக் கஞ்சி போட்ட குர்தா, நெத்தியில சந்தனம். நாலாவது பாட்டுல எனக்குன்னு தனியா எட்டு அளவு, அதாவது எட்டுத் தாளச் சுத்து, ஸ்லாப். செக்ரட்டரி தலையாட்டினாரு, ஆரம்பிச்சேன். மூணு அளவு நல்லாத்தான் போச்சு. தோசைக்கல்லு, கொக்கி எல்லாம் ஞாபகமா வாசிச்சேன். அப்பப் பாத்து முன்வரிசையில ரெண்டு பேர் கைதட்டினாங்க. கைதட்டல் கேட்டா எனக்குக் கை கனத்துடும். நாலாவது அளவுல வாளியை இறைச்சேன். டிங்குன்னு ஒரு சத்தம், பாலத்துக்கிட்ட கம்பி அறுந்து, முனை வந்து குர்தா பாக்கெட்டுல மாட்டிக்கிச்சு. கையை எடுத்தா பாக்கெட்டு கூட வருது. டிரம்ஸ் நின்னுச்சு. முந்நூறு பேர் பாக்கறாங்க.

அங்க நான் என்ன பண்ணியிருக்கலாம்? சிரிச்சுட்டு மூணு கம்பியில வாசிச்சிருக்கலாம். ஆனா மைக் பக்கத்துல இருந்துச்சு. அது என் வாய்க்கு ஆகாத தூரம்.

"மன்னிச்சுக்கோங்க. என் உத்தியோகம் எல்லாருக்கும் தெரியும். பரிசோதனை பண்ணியாச்சு. இந்தக் கம்பி டூப்ளிகேட். ரிஜெக்டட்."

கூட்டம் சிரிச்சுது. கடைக்காரரும் சிரிச்சாரு, நான் பாத்தேன். செக்ரட்டரி டிரம்ஸ் பின்னாலேருந்து, "எங்க வாங்கினீங்க தாதா?"ன்னு கேட்டாரு. அவரு பாட்டுக்குக் கேட்டாரு. நான் சொன்னேன்: "நம்ம சந்துக் கடையிலதான். ஆனா அவர் மேல தப்பில்ல, பாவம், அவருக்கே யாரோ டூப்ளிகேட் வித்திருக்காங்க."

பெரிய மனுஷத்தனமா அவரைக் காப்பாத்தறேனாம். கடைக்காரர் சிரிப்பு முகத்துல அப்படியே கொஞ்ச நேரம் இருந்துச்சு. அதை எங்க வைக்கறதுன்னு தெரியாம வெச்சுக்கிட்டிருந்த மாதிரி. அப்புறம் போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சாரு. அடுத்த பாட்டு முடிஞ்சு நான் பாக்கறப்ப நாற்காலி காலி.

அஷ்டமி காலையில காபியோட உக்காந்து அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில பாத்தேன். கம்பின்னா ஒரே கம்பி இல்ல. நடுவுல ஒரு எஃகு நரம்பு, அதைச் சுத்தி மெல்லிசு கம்பி சுருளா. வெளிச்சுருள் இன்னும் பளபளன்னுதான் இருந்துச்சு. உள் நரம்பு கறுப்பு. துரு. ஈரம் சுருளுக்குள்ள போய் வெளிய வர வழியில்லாம, புளிப்போட அங்கயே குடித்தனம் பண்ணியிருக்கு. எங்க ஆபீஸ் கயிறா இருந்தா அஞ்சு நிமிஷத்துல எழுதியிருப்பேன்: உள் அரிப்பு, உபயோகித்தவரின் கவனக்குறைவு.

என் பொண்டாட்டி குனிஞ்சு பாத்தா. சுருள் இடுக்குலேருந்து நகத்தால என்னமோ ஒண்ணை நெருடி எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டினா.

"இது புளி நாருங்க."

நான் காபியை எடுத்து ஒரு வாய் குடிச்சேன்.

"போய் அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடுங்க. இப்பவே."

"பூஜை நாள்ல எதுக்கு? முடியட்டும்."

போகல. அஷ்டமி அஞ்சலிக்கு வரிசையில நின்னேன், பூப் போட்டேன், கிச்சடி சாப்பிட்டேன். நவமியன்னிக்கு செக்ரட்டரி என் தோள்ல கைபோட்டு ஓரமாக் கூட்டிட்டுப் போனாரு.

"நீங்க அன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சு. கமிட்டியில பேசினோம். நியூ டவுன் பக்கம் ஒரு பெரிய கடையில சொல்லிட்டோம். பிள்ளைங்க விஷயம், டூப்ளிகேட் சரக்கு வந்துட்டா வம்பு."

சப்தமி சாயந்திரம் பேசினது வாய்க் கொழுப்பு. அதையாவது ஒரு நிமிஷத்துல வந்த புத்தின்னு சொல்லிக்கலாம். நவமியில, வெயில்ல, ரெண்டு காதும் நல்லாக் கேக்கறப்ப, எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, "ஹ்ம்"னு சொன்னேன். நான் இதுவரைக்கும் சொன்னதுலயே ரொம்பக் கேவலமான வார்த்தை அதுதான். அதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

தசமி முடிஞ்சு பிஜயா. சாமியைக் கரைச்சப்பறம் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய், பெரியவங்க காலைத் தொட்டு, சம வயசுக்காரங்களைக் கட்டிப்புடிச்சு, இனிப்பு குடுக்கற வழக்கம். மனசுல இருக்கற கசப்பையெல்லாம் அன்னிக்கு விட்டுடணும்பாங்க. ஏகாதசி சாயந்திரம் காலிங்பெல் அடிச்சுது. கடைக்காரரு. ஒரு கையில சந்தேஷ் பெட்டி, இன்னொரு கையில கம்பி உறை. ஸ்டெயின்லெஸ், நடுத்தரம்.

உள்ள வந்து என்னைக் கட்டிப்புடிச்சாரு. மூணு தடவை, இந்தத் தோள், அந்தத் தோள், இந்தத் தோள்னு. எனக்குக் கையை எங்க வைக்கறதுன்னு தெரியல.

"என் சரக்கு கெட்டிருந்தா அது என் பொறுப்பு தாதா. இதை வெச்சுக்கோங்க. காசு வேண்டாம்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு."

"அறுந்த கம்பியைக் குடுங்க. மொத்த வியாபாரிகிட்ட காட்டணும். இருபது வருஷமா அவன்கிட்ட வாங்கறேன். எனக்கு இப்படிப் பண்ணிட்டானேன்னு நாலு நாளாத் தூக்கமில்ல. அவன்கூடப் பேச்சே வேண்டாம்னு இருக்கேன்."

பாருங்க, பழி என் வாயிலேருந்து இறங்கி அடுத்த தெருவுக்கும் போயிடுச்சு.

"அதைத் தூக்கிப் போட்டுட்டேனே"ன்னேன்.

என் பொண்டாட்டி சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. கையில தட்டு, தட்டுல முறுக்கு. அவ பெங்காலி என்னுதை விட நல்லா இருக்கும். நிதானமா, அவருகிட்ட, "மேஜை டிராயர்லதான் இருக்கு தாதா, எடுத்துட்டு வர்றேன்"னு சொன்னா. என்னைப் பாக்கல. போய் எடுத்துட்டு வந்து அவர் கையில குடுத்தா.

அவரு ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தாரு. மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. திருப்பிக் குச்சியில சுத்தின பக்கத்தைப் பாத்தாரு. ரெண்டு தடவை மடிஞ்ச தடம் தெரிஞ்சுது.

"தேந்துல்?"

புளியான்னு கேக்கறாரு. நான் தலையாட்டினேன். ஊறப்போட்டது, தேய்ச்சது, காயப்போட்டது எல்லாத்தையும் சொன்னேன். அஷ்டமியன்னிக்கே தெரியும்னும் சொன்னேன். அதைச் சொல்லாம விட்டிருக்கலாம், ஆனா அவ அங்கயே நின்னுக்கிட்டிருந்தா.

அவரு கம்பியை மேஜை மேல வெச்சாரு. முறுக்கு எடுக்கல. தண்ணி குடிச்சாரு.

"காஞ்ச துணின்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"கிளாஸ் ஆர்டர் போச்சு. தெரியுமா?"

"தெரியும். மன்னிச்சுடுங்க தாதா."

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. ஆனா அன்னிக்கு நீங்க எங்கிட்டயா சொன்னீங்க? மைக்குலல்ல சொன்னீங்க." எழுந்தாரு. கம்பி உறையை நான் திருப்பி நீட்டினேன். "பிஜயாவுக்குக் கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போறதில்ல"ன்னுட்டு இறங்கிப் போயிட்டாரு.

காளி பூஜைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கிளப்ல பிஜயா கூட்டம். எல்லாரும் வருவாங்க, லூச்சின்னு பூரி, ஆலூதம்னு உருளைக்கிழங்கு, நாலு பாட்டு, நாலு பேச்சு. மைக் உண்டு. கடைக்காரரும் வந்திருந்தாரு, கடைசி வரிசையில. கையில டீ. நான் போய் நின்னேன். வீட்டுல பத்து தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் போனேன்.

"நான் ஒரு தப்பைச் சொல்லணும். சப்தமி அன்னிக்கு அறுந்த கம்பி டூப்ளிகேட் இல்ல. நான்தான் அதைப் புளித்தண்ணியில ஊறப்போட்டேன்."

அடுத்த நொடி கூடமே அதிர்ற மாதிரி சிரிப்பு. ஒரு பௌதி புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. யாரோ பின்னாலேருந்து கேட்டாங்க: "சாம்பார்ல போட்டுத் தாளிச்சீங்களா தாதா?"

இருபது வருஷமா இந்த ஆளுங்களைச் சிரிக்க வெச்சே பழகிட்டேன். ஒருத்தர் பந்தைப் போட்டா கை தானாப் போகும். நான் வேணும்னு பண்ணல. சொல்லி முடிச்சப்பறம்தான் என் காதுலயே விழுந்துச்சு.

"தாளிக்கலாம்னு பாத்தேன், கடுகு தீர்ந்துடுச்சு."

அதுக்கு விழுந்த சிரிப்பு மாதிரி என் வாழ்க்கையில விழுந்ததில்ல. செக்ரட்டரி மேஜையைத் தட்டிச் சிரிக்கறாரு. எல்லாருக்கும் ஒண்ணு தெளிவாயிடுச்சு: தமிழ் தாதா இன்னிக்குப் புதுசா ஒரு ஜோக் தயார் பண்ணிட்டு வந்திருக்காரு. கம்பி டூப்ளிகேட்தான்கறதுல யாருக்கும் சந்தேகம் வரல. கடைசி வரிசையில அவரு எழுந்து, பாதி டீயை ஜன்னல் விளிம்புல வெச்சுட்டுச் செருப்பு மாட்டறதைப் பாத்தேன். மைக் என் கையில இருந்துச்சு. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா அதுக்கும் சிரிப்பாங்கன்னு பயமா இருந்துச்சு.

வீட்டுக்கு வர்ற வழியில அவ கேட்டா, "ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால?"

"சொல்லத்தானே போனேன், வாயை மூடிக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"இதோ, மறுபடியும்."

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அவ எங்கூட உக்காரல. நான் மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டேன். எழுதறதுன்னு முடிவு பண்ணினேன். வாய்தான் கெட்டது, பேனா கொஞ்சம் யோக்கியம். ஆபீஸ்ல எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கேன், ஒண்ணுல கூட யாரும் சிரிச்சதில்ல. அதே மாதிரி எழுதினேன், பெங்காலியில, ரெண்டாங்கிளாஸ் பையன் கையெழுத்துல. பொருள்: பேஸ் கிடார் கம்பி. வாங்கிய இடம். வாங்கியபோது நிலை: நல்லது. அறுந்த காரணம்: உபயோகித்தவர் கம்பியைக் கழட்டி, புளித்தண்ணியில் ஊறவைத்து, மறுபடி மாட்டியது. கடைக்காரர் ஈரம் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். மேடையில் நான் சொன்னது தவறு. தவறு என்று மறுநாளே தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கீழ கையெழுத்து.

அவகிட்ட படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா.

"நடுவுல 'எங்கள் குலதெய்வமான புளி'ன்னு ஒண்ணு வந்துச்சே?"

"அது சும்மா, ஒரு..."

"புளின்னு எழுதுங்க."

அடிச்சேன். அந்த ஒரு அடிப்பு பேப்பர்ல அப்படியே தெரியும். வேற பேப்பர்ல எழுதலாம்னேன், வேண்டாம், இதுவே இருக்கட்டும்னா.

செக்ரட்டரி வீட்டுல குடுத்தேன். சிரிக்கறதுக்குத் தயாரா வாங்கினாரு. மூணாவது வரியில வாய் மூடிக்கிச்சு. முடிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டினாரு.

"நிஜமாவா?"

"நிஜமா."

"நேத்தே இதைத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"கிடாரெல்லாம் வந்து இறங்கிடுச்சே. இனிமே திருப்ப முடியாது." கொஞ்சம் கோவம் வந்துச்சு அவருக்கு. வரணும்தான். "நவமி அன்னிக்கு நான் உங்ககிட்ட சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

இதை போர்டுல ஒட்டணும்னு கேட்டேன். அவரே எழுந்து வந்து, ரத்ததான முகாம் நோட்டீஸுக்குப் பக்கத்துல நாலு பின் குத்தினாரு.

ரெண்டு நாள் கழிச்சு சந்துக் கடைக்குப் போனேன். அவரு தபலாவுக்கு வார் இழுத்துக் கட்டிக்கிட்டிருந்தாரு. நிமிரல.

"படிச்சேன்"னாரு. இன்னொரு இழுப்பு இழுத்தாரு. "பெங்காலியில நாலு தப்பு. விஷயத்துல தப்பில்ல."

நான் நின்னேன். ஏதாவது சொல்லுவாருன்னு. வாருக்கடியில மரக்கட்டையைச் சொருகி, சுத்தியலால ஒரு தட்டு தட்டிக் காதை வெச்சுக் கேட்டாரு. நான் நிக்கறது இடைஞ்சலா இருக்கும்னு தோணுச்சு, வந்துட்டேன். அவரு குடுத்த கம்பி உறையை இன்னும் பிரிக்கல. மாட்டறதுன்னா அவர்கிட்டதான் எடுத்துட்டுப் போகணும். அதுக்கு இன்னும் தைரியம் வரல.

பஸ்ஸுக்குப் போகணும்னா கிளப் வாசலைத் தாண்டித்தான் போகணும். தினம் காலையில போர்டுக்கு முன்னாடி யாராவது ரெண்டு பேர் நிப்பாங்க. நான் செருப்பைப் பாத்துக்கிட்டே நடப்பேன். போன வாரம் ரெண்டாவது பிளாக் பௌதி போர்டைப் படிச்சுட்டுத் திரும்பினவங்க, நேரா எம்மேலயே மோதற மாதிரி வந்து நின்னாங்க. அவங்க பொண்ணு கிளாஸ்ல சேந்திருக்கா, சொந்தமா ஒரு கிடார் கேக்கறாளாம்.

"அப்ப அந்தச் சந்துக் கடையில சரக்கு நல்ல சரக்குதானா?"

"நல்ல சரக்கு."

"அங்க வாங்கலாங்கறீங்க?"

"வாங்கலாம். அவரு என்ன சொல்றாரோ அதையே வாங்குங்க."

அவங்க போகல. உதட்டு ஓரத்துல சிரிப்பை ரெடியா வெச்சுக்கிட்டு, அடுத்த ஜோக்குக்காக என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எனக்கு நாக்குல ஒண்ணு இல்ல, மூணு வந்து நின்னுச்சு. முழுங்கினேன்.

"அவ்வளவுதானா?"ன்னு கேட்டாங்க.

"அவ்வளவுதான் பௌதி"ன்னேன்.

ஏமாந்த மாதிரி இருந்துச்சு அவங்களுக்கு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தாங்க. சந்துப் பக்கம் திரும்பறாங்களான்னு பாக்க நின்னேன். நடுவுல பஸ் வந்து மறைச்சுது, ஏறிட்டேன்.